இடது பக்கத்துப் பிரேக்

வரலட்சுமி அக்கா காரில் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்ப மாட்டார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளுவார். கண்ணாடிகளைச் சரி செய்வார், பெல்ட்டைப் போடுவார். அதன் பிறகு இடது பக்கம் சாய்ந்து, பக்கத்து சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தைக் குனிந்து பார்ப்பார். அங்கே ஒரு கறுப்பு ரப்பர் மேட் கிடக்கும். வேறொன்றும் இருக்காது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து வண்டியைக் கிளப்புவார். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். எவ்வளவு அவசரமானாலும் இதை அவர் விட்டதில்லை.

அந்த சீட்டில் உட்கார்ந்து போகிறவள் நான். எங்கள் வீட்டில் நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் எனக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். புதுப்பட்டினத்தில் அக்கா வீட்டில் சமையல் செய்கிறேன். அவர் கணவர் திருநாவுக்கரசு சாருக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். திரும்பும்போது அவர் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். அதனால் எனக்கு முன் சீட்டு.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்கள். சார் கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர். உடம்பு கெடும்வரை கார் ஓட்டியது அவர்தான். அக்கா ஸ்கூட்டர்கூட தொட்டதில்லை. சாருக்குக் கண் மங்கிய பிறகு வாடகைக் கார் வைத்தார்கள். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் ஒருமுறை ஊசி குத்திய இடத்துக் கட்டு நனைந்து, சீட்டெல்லாம் ரத்தமானது. அந்த டிரைவர் பிறகு போனை எடுக்கவில்லை. அடுத்தவர் ஷ்யாம் என்ற பையன். அவனும் சார் வாந்தி எடுத்த அன்றோடு சரி. போன் அடித்து அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அக்கா சொன்னார், "இனிமே ஒருத்தன்கிட்டயும் கெஞ்ச முடியாது. நானே ஓட்டப் படிக்கேன்."

சார் கட்டிலில் இருந்தபடி, "ஏளா, எனக்கு கிட்னிதான் போச்சு. உசுரு இன்னும் இருக்கு, பாத்துக்கோ" என்றார்.

கற்றுக்கொடுத்தவர் தர்மராஜ். அச்சரப்பாக்கத்துக்காரர். அக்காவைவிட வயதில் சின்னவர். செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தார். ஸ்கூல் காரில் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. சொல்லித் தருகிறவர் கால் அதன் மேலேயே இருக்கும். சார் டயாலிசிஸில் படுத்திருக்கும் நேரத்தில்தான் அக்காவுக்கு கிளாஸ். நானும் பின்னால் ஏறிக்கொள்வேன்.

தர்மராஜ் அண்ணன் வாய் ஓயாதவர். "அம்மா, ஷேர் ஆட்டோ பின்னால போவாதீங்க, அவன் எங்க நிப்பான்னு அவனுக்கே தெரியாது." "அதோ ரோட்டுல நெல்லு காய வெச்சிக்கிறாங்க பாருங்க, சுத்தி கல்லு வெச்சிருப்பான். நெல்லை அள்ளிகினு போயிடுவான், கல்லை வுட்டுடுவான்." "அமாவாசைக்கு மறுநாள் பூசணிக்கா ஒடைச்சது கிடக்கும், அதுமேல ஏத்தி திருப்பாதீங்க, வழுக்கும்." இப்படிச் சொல்லிக்கொண்டே வருவார். அக்கா தடுமாறினால், "பயப்படாதீங்கம்மா, என் காலு கீது" என்பார்.

அந்தக் கால் இருந்ததுதான் வினையானது. ஆடு குறுக்கே வந்தால், பஸ் திடீரென்று நின்றால், அக்கா யோசிக்கும் முன்பே அவர் மிதித்துவிடுவார். வண்டி நின்றுவிடும். அக்கா தான் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். டெஸ்ட்டும் அதே ஸ்கூல் காரில்தான். மைதானத்தில் நேராகப் போய்த் திரும்பி, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதும் முடிந்தது. யாரும் குறுக்கே வரவில்லை. அக்கா பாஸ்.

மறுநாள் வீட்டுக் காரை வெளியே எடுத்தார். எதிர் வீட்டுப் பெண் வைஷாலி சைக்கிளில் வந்தாள். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கார் போய்க்கொண்டே இருந்து, கேட்டுத் தூணில் முட்டி நின்றது. வைஷாலி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

"பிரேக் புடிக்கல" என்றார் அக்கா.

"நீங்க மிதிக்கலக்கா" என்று நான் மெதுவாகச் சொன்னேன். "இதுல அந்தப் பக்கத்து பிரேக் இல்ல."

அக்கா அன்றைக்கே தர்மராஜ் அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் சிரிக்கவில்லை. "தப்பு என்னுதும்மா. லைசென்ஸ் வாங்கிட்டீங்க, இன்னும் ஓட்டல. ஞாயித்துக்கெழம வரேன், உங்க வண்டியிலயே ஓட்டலாம்" என்றார்.

மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் வந்தார். நான் இப்போது உட்காருகிற முன் சீட்டில் உட்கார்ந்தார். மிதிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் அவர் வலது கால் மேட்டை மிதித்துக்கொண்டே வரும். குதிகால் ஊன்றிய இடம் குழிந்து, விரல் பட்ட இடம் வழவழவென்று ஆனது. அக்கா நன்றாகத் தேறிவிட்டார். இன்னும் ஒன்றிரண்டு ஞாயிறு போதும் என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிளம்பி வந்தவர், அச்சரப்பாக்கம் தாண்டி சிக்னலில் பைக்கை நிறுத்திக் காத்திருந்திருக்கிறார். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. ஓட்டியவன் காலேஜ் பையன், லைசென்ஸ் வாங்கி மாதம்கூட ஆகவில்லையாம். "பிரேக் போட்டேன், நிக்கல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அவனும் இவரிடம்தான் ஓட்டக் கற்றவன் என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். இல்லை, வேறு ஸ்கூல் என்றும் சொன்னார்கள். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. மாலையை வைத்துவிட்டு, மூடியிருந்த துணிக்கு வெளியே தெரிந்த அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாளில் லாக்டவுன் வந்தது. டயாலிசிஸுக்கு லாக்டவுன் கிடையாது. பாஸ் வாங்கி முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிக்கரையோரம் ஒரு வளைவு வரும். ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் புளியமரங்கள். எதிரே வருவது தெரியாது. அன்று ரோட்டில் ஈ காக்கை இல்லை. அக்கா சாருக்கு வாங்க வேண்டிய மருந்தைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டு ஓட்டினார். வளைவு வந்தது. கார் தானாக அடங்கி, மெல்லத் திரும்பி, மறுபடி வேகம் எடுத்தது.

அக்கா பேச்சை நிறுத்தினார்.

"வேண்டா, நீ பாத்தியா?"

"இன்னாக்கா?"

"நான் பிரேக் போடல."

அவர் மேட்டைப் பார்த்தார். அதன் மேல் என் கால்கள் இருந்தன. "கால உள்ள இழுத்துக்கோ. அங்க வைக்காத" என்றார்.

அன்றிலிருந்து நான் காலை சீட்டுக்கு அடியில் மடித்துக்கொண்டுதான் போனேன். செங்கல்பட்டு போய் இறங்குவதற்குள் முழங்கால் மரத்துவிடும். முன்னால் மேட் காலியாகக் கிடக்கும். வெயில் சாய்வாக விழும்போது குதிகால் குழி தெளிவாகத் தெரியும். யாரோ இப்போதுதான் இறங்கிப் போனதுபோல இருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வளைவில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் வந்தால், கோயில் திருப்பம் வந்தால், நாய் படுத்திருந்தால், கார் அடங்கும். ஒவ்வொரு முறையும் அக்கா "ம்" என்பார், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி. முகத்தில் பயம் இருக்காது. நிம்மதி இருக்கும். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் கண்ணும் காதும் சும்மா இருக்காது. அந்த காரின் பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரியும். அக்கா வெறுங்காலோடு ஓட்டுவார். கார் அடங்குகிற ஒவ்வொரு தடவையும் அவர் மெட்டி அந்த இரும்பில் பட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கால் அக்காவுடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் ரசத்துக்கு மிளகு வறுப்பதைப் பற்றியோ, ஊரில் தங்கை பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். அவருக்கே தெரியாமல் அந்தக் காலை யார் எடுத்து வைக்கிறார்கள் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

லாக்டவுன் முடிந்தது. ரோட்டில் பழையபடி கூட்டம் வந்தது. அக்கா மாறிக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் தூரத்திலேயே ஆட்டைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவர், இப்போது கிட்டே போகும்வரை காத்திருந்தார். முன்னால் போகும் பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கியது. ஹாரன் அடிப்பதும் குறைந்தது. "அக்கா, பஸ்ஸு" என்றால், "அவர் பாத்துக்கிடுவாரு" என்பார். பின்னால் சார் தூங்கிக்கொண்டிருப்பார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது, தூறல். ஏரி வளைவில் கரை மேலிருந்து ஒரு பால்காரர் எக்ஸெல் மொபெட்டில் இறங்கினார். இரண்டு பக்கமும் கேன். எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது, அவர் கண் அந்த வண்டி மேல்தான் இருந்தது. நான் 'டிக்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, காலு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

அதன் பிறகுதான் மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போய் எக்ஸெல்லின் பின்பக்கத்தை இடித்து நின்றது. பால்காரர் சரிந்து விழுந்தார். கேன் உருண்டு மூடி கழன்றது. மழைத் தண்ணீரில் பால் கலந்து ரோட்டின் குறுக்கே வெள்ளையாக ஓடியது.

அவர் எழுந்துவிட்டார். முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. "இன்னாமா, கண்ணு பொடனியிலயா கீது? இம்மாம் பெரிய வண்டியில வந்துகினு, ஒரு பிரேக் போடத் தெரியல? எவன் உனக்கு லைசென்ஸ் குட்த்தான்?"

அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கை விடாமல் மேட்டையே பார்த்தார். "அவர் கால் வைக்கல" என்றார். "வேண்டா, அவர் வைக்கவே இல்ல."

சார் பின்னால் எழுந்து உட்கார்ந்தார். "எவர் வைக்கல?"

நான்தான் சொன்னேன். சார் எல்லாவற்றையும் கேட்டார். பால்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அக்கா ஊர்ந்து ஊர்ந்து வீடுவரை ஓட்டினார்.

அக்கா சாவியை சாமி அலமாரியில் வைத்துவிட்டார். "அந்தப் பையனும் இதத்தான சொன்னான்? பிரேக் போட்டேன், நிக்கலன்னு. நானும் அவனும் ஒண்ணுதான். இனிமே தொட மாட்டேன்."

அடுத்த டயாலிசிஸுக்கு வாடகை வண்டி சொன்னோம். வருகிறேன் என்றவர் வரவில்லை. இன்னொரு வண்டி பிடித்துப் போனபோது சாரின் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். ராத்திரி முழுக்க சாருக்கு மூச்சு வாங்கியது. விடிந்து பார்த்தால் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்கு கார் மேட்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா அடுப்படியில் நின்று யாருக்கோ போன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்தேன்.

"அக்கா, பிரேக் போடுறது நீங்கதான்."

"ஏட்டி, போ. எனக்குத் தெரியாதா? நான் கால் வைக்கதே இல்ல."

"வெக்கிறீங்க. நான் பாத்துகினுதான வரேன். உங்க மெட்டி இரும்புல படும். டிக்குனு கேக்கும். லாக்டவுன்ல அந்த வளைவுல கேட்டுச்சு. அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் கேட்டுச்சு."

அக்கா போனை வைத்தார். "அப்போ அன்னைக்கு?"

"அன்னிக்கு கேக்கல. நீங்க அவருக்காகக் காத்துகினு இருந்தீங்க."

அக்கா தன் காலைப் பார்த்தார். உள்ளிருந்து சாரின் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "ஏளா, பேயிக்கும் லீவு வேணும்லா. சம்பளமும் கிடையாது, பாவம். நீயே ஓட்டு."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். சாவியை எடுத்தார்.

அன்று போய் வந்தோம். அக்கா ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் "நான் போடுதேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். வேகத்தடையில், "நான் போடுதேன்." ஷேர் ஆட்டோ நின்றபோது, "நான் போடுதேன்." டயாலிசிஸ் முடிந்து சாரின் மூச்சு சீரான பிறகு, பின்னாலிருந்து அவரும் கூடவே "அவ போடுதா" என்று சொல்லத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கப்பட்டினம் பக்கம் போனோம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. தார் ரோடு உண்டு, மஞ்சள் பூசிய கல் உண்டு, முதல் தெரு இரண்டாம் தெரு என்று பலகைகூட உண்டு. வீடு ஒன்றுகூட இல்லை. கடல் இரைச்சல் மட்டும் கேட்கும். ஆளில்லாத அந்தத் தெருக்களில் எங்கள் கார் மட்டும் போகும். அக்கா வேகம் எடுப்பார். நான் நினைத்த நேரத்தில் "மாடு" என்று சொல்ல வேண்டும். அவர் உடனே முழுசாக மிதித்து நிறுத்த வேண்டும்.

முதலில் என் குரல் எழும்பவில்லை.

"ஏட்டி, நீ சொல்லுறது மாட்டுக்கே கேக்காது. கத்து!"

"மாடு!"

கார் குலுங்கி நின்றது. என் தலை முன்னால் போய் வந்தது.

"எங்கட்டி மாடு?"

"மூணாவது தெருவுலக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஈர ரோட்டிலும் செய்து பார்த்தோம். எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று இறங்கி நடந்து பார்த்தார். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டிய பிறகு மூன்று எண்ணி முடித்துத்தான் நாம் அந்த மரத்துக்கு வர வேண்டும், மழை என்றால் இன்னும் கூட எண்ண வேண்டும் என்று தர்மராஜ் அண்ணன் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. எண்ண ஆரம்பித்தார். இன்னும் எண்ணுகிறார், உதடு அசைவது தெரியும்.

ஒருநாள் அக்கா மேட்டைக் காட்டி, "வேண்டா, காலை நீட்டி வச்சுக்கோ" என்றார்.

வைத்தேன். ரப்பர் சூடாக இருந்தது. என்ஜின் சூடுதான். என் குதிகால் அந்தக் குழிக்குச் சரியாக இருந்தது.

பிறகு அதே ஏரி வளைவில் ஒரு சாயங்காலம், கரையிலிருந்து எருமைகள் இறங்கின. முன்னால் வந்த கன்று துள்ளி ரோட்டுக்கு வந்துவிட்டது. டிக். கார் நேராக, வழுக்காமல் நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அக்கா நான்கு பக்க லைட்டையும் போட்டார். கன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"நான் போட்டேன்" என்றார் அக்கா, மெதுவாக.

நான் தலையாட்டினேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கன்று எனக்குக் கண்ணில் படுவதற்கு முன்பே என் வலது கால் அந்த மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இப்போதும் வளைவு வரும்போதெல்லாம் அழுத்துகிறது. கார் ஓட்ட எனக்குத் தெரியாது.

சாருக்கு இன்னும் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காதான் ஓட்டுகிறார். பால்காரருக்கு அப்புறம் யாரையும் இடிக்கவில்லை. பெடல் ரப்பரை மாற்றிவிட்டதால் மெட்டி சத்தம் இப்போது கேட்பதில்லை. மேட்டை மாற்றவில்லை. கிளம்பும் முன் அக்கா அதைக் குனிந்து பார்க்கிறார்.